தண்டம் கட்டினால் வழக்கு முடியும், பி.ஆர். விஷயம் முடியுமா?

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் கணவர் 2010இல் கப்பலில் கனடாவுக்குப் போனவர். அகதியாக ஏற்றுக்கொண்டு பிறகு பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கொடுத்தார்கள். போன வருடம் திருச்சியில் எங்கள் கலியாணம் நடந்தது. என்னை ஸ்பொன்சர் செய்து ஃபைல் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, குடித்துவிட்டு வாகனம் ஓடியதாகப் பொலிஸ் வழக்குப் போட்டுவிட்டது. முதல் தடவை. அடுத்த தவணையில் ஒப்புக்கொண்டு ஆயிரம் டொலர் தண்டம் கட்டினால் முடிந்துவிடும் என்று கூட்டாளிமார் சொல்கிறார்களாம். கட்டிவிடலாமா? பி.ஆருக்கு ஏதும் வருமா?"

தங்கச்சி, இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்வதா இல்லையா என்பதைக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியோடு பேசிய பிறகு தீர்மானிக்கலாம். ஆரம்பத் தவணைகளில் இன்னொரு திகதி கேட்பது அங்கே வழமையான விஷயம், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒப்புக்கொண்டதைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம்.

நான் சட்டத்தரணி இல்லை. டொரன்டோ நீதிமன்றங்களில் 14 வருடம் தமிழ் உரைபெயர்ப்பாளராக நின்றுவிட்டு இப்போது கிளிநொச்சியில் வந்து இருக்கிறேன். 2019இல், ஸ்காபரோ நீதிமன்றம் எக்ளின்டன் அவெனியூவில் இருந்த காலம், உங்கள் கணவரைப் போல ஒரு தம்பிக்கு நான்தான் வாய். அவர் தமிழில் சொன்ன "குற்றவாளி" என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொன்னது நான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "பெரிய பாரம் இறங்கினமாதிரி இருக்குது அண்ணை" என்றார். ஒன்றரை வருடம் கழித்து அதே தம்பி ஒரு கடித உறையோடு வந்தார். கனடா எல்லைச் சேவைகள் முகவரகம் அனுப்பிய கடிதம் அது. "நீர் கனடாவில் தொடர்ந்து இருக்கத் தகுதியற்றவர் என்று அறிக்கை எழுதப்படலாம், உமது பக்கத்தைச் சொல்லும்" என்று இருந்தது. தண்டம் கட்டிய பற்றுச்சீட்டையும் கொண்டுவந்திருந்தார். "எல்லாம் கட்டிப்போட்டன் தானே?" என்று திரும்பத் திரும்ப அதையே காட்டிக்கொண்டு நின்றார். உரைபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்லக்கூடாது என்பது விதி. அன்று நீதிமன்றத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்று அந்த விதி எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்துப் பழக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மணல் ஏற்றிய டிராக்டர், லைசன் இல்லாத மோட்டார் சைக்கிள், பலூன் ஊதிப் பிடிபட்டது, இதற்கெல்லாம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவோம். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். குற்றவாளி என்று சொல்லி, தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து ஒரு பிளேன்ரீ குடித்தால் விஷயம் சரி. சுற்றவாளி என்று சொன்னால் தவணை தவணையாக அலைய வேண்டும், ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒப்புக்கொள்வதைத்தான் புத்திசாலித்தனம் என்று பழகிவிட்டோம். நாட்டின் குடிமகனுக்கு அந்தக் கணக்கு சரியாக வரலாம். பி.ஆரில் இருப்பவருக்கு வராது, ஏனென்றால் அவருடைய தலையில் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. குற்றவியல் நீதிமன்றம் ஆயிரம் டொலரோடு விட்டுவிடும். குடிவரவுச் சட்டம் அதன் பிறகுதான் கணக்கைத் தொடங்கும்.

அந்தக் கணக்கு இப்படி. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, பி.ஆர். உள்ள ஒருவர் "பாரதூரமான குற்றம்" செய்தவர் என்று ஆவதற்குக் கனடாவுக்குள் கிடைத்த தீர்ப்பில் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மறியல் (சிறை) தண்டனை உண்மையிலேயே விதிக்கப்படுவது. மற்றது, அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அதிகூடிய தண்டனை பத்து வருடமோ அதற்கு மேலோ இருப்பது. இரண்டாவதில்தான் எங்கள் ஆட்கள் விழுகிறார்கள். நீதவான் என்ன கொடுத்தார் என்று அது பார்க்காது, அதிகபட்சம் எவ்வளவு கொடுத்திருக்கலாம் என்றுதான் பார்க்கும். ஒரு நாளும் மறியலுக்குப் போகாதவர், தண்டம் மட்டும் கட்டியவர், அந்த வரிசையில் நிற்கலாம். அரச தரப்பு வழக்கைச் சுருக்கமான, இலேசான முறையில் நடத்தினாலும்கூட, கடும் முறையில் நடத்தக்கூடிய குற்றம் என்றால் கடும் முறையாகவே குடிவரவுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "சின்ன வழக்காகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்ற ஆறுதல் அங்கே செல்லாது.

குடித்துவிட்டு ஓடுவதற்கு அதிகூடிய தண்டனை முன்பு ஐந்து வருடம். 2018 டிசம்பர் 18ஆம் திகதியில் இருந்து அது பத்து வருடம். அந்த ஒரு மாற்றத்தால், அதற்கு முன் பி.ஆரைத் தொடாமல் இருந்த குற்றம் பாரதூரமான குற்றங்களின் பட்டியலுக்குள் ஏறிவிட்டது. பழைய காலத்தில் பிடிபட்ட கூட்டாளிமார் "எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொன்னால் அது பொய் இல்லை, அவர்கள் காலத்துச் சட்டம் வேறு. 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் ட்ரான் வழக்கில், குற்றம் நடந்த அன்று இருந்த அதிகூடிய தண்டனையைத்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் அவர்கள் தப்பினார்கள். உங்கள் கணவருக்கு அந்த வழி இல்லை.

ஆயிரம் டொலர் என்பது முதல் தடவைக்கான ஆகக் குறைந்த தண்டம். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்பது எல்லை. 120ஐத் தொட்டால் ஆகக் குறைந்தது 1,500, 160ஐத் தொட்டால் 2,000. ஊத மறுத்தாலும் 2,000தான். கூடவே குறைந்தது ஒரு வருடம் வாகனம் ஓடத் தடை வரும். அந்தத் தடைக் காலத்தில் "வேலைக்குத்தானே" என்று ஒரு நாள் ஓடிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம், அதற்கும் அதிகூடிய தண்டனை பத்து வருடம். இதை அவருக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

சரி, தீர்ப்பு வந்துவிட்டால் அடுத்த நாளே பிளேனில் ஏற்றிவிடுவார்களா? இல்லை. தீர்ப்பு வந்த உடனே பி.ஆர். போய்விடாது. முதலில் எல்லைச் சேவை அதிகாரி அறிக்கை எழுதுவதா என்று யோசிப்பார், அப்போதுதான் நான் சொன்ன கடிதம் வரும். அதற்குக் கெடுவுக்குள் நல்ல பதில் போனால், எச்சரிக்கையோடு விட்டுவிடுவதும் உண்டு. எத்தனையோ பேர் பழைய பேஸ்மென்ற் விலாசத்துக்கு வந்த கடிதத்தைக் காணாமலே இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். வீடு மாறினால் விலாசத்தை அறிவிக்கச் சொல்லுங்கள். அறிக்கை எழுதி அனுப்பினால், குடிவரவுப் பிரிவில் ஒரு விசாரணை நடந்து நாடுகடத்தல் உத்தரவு வரும். அதற்கு எதிராக 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கேதான் ஆளை ஆளாகப் பார்ப்பார்கள். குற்றம் எவ்வளவு பெரியது, திருந்தினாரா, எத்தனை வருடம் இருக்கிறார், யார் யார் அவரை நம்பி இருக்கிறார்கள், அனுப்பினால் என்ன கஷ்டம், எல்லாவற்றையும் கேட்பார்கள். நிபந்தனையோடு உத்தரவை நிறுத்தி வைக்கலாம். அப்படி நிறுத்தி வைத்த காலத்தில் இன்னொரு பாரதூரமான குற்றத்துக்குத் தீர்ப்பு வந்தால், அந்த நிறுத்தம் தானாகவே போய்விடும்.

இந்த மேன்முறையீட்டு வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. கனடாவில் ஆறு மாதமோ அதற்கு மேலோ மறியல் விதிக்கப்பட்டவருக்கு அது மூடப்பட்டுவிடும். 2013 ஜூன் வரை அந்த எல்லை இரண்டு வருடமாக இருந்தது. உங்கள் கணவருக்குத் தண்டம் மட்டும் என்றால் வாசல் திறந்தே இருக்கும். இன்னொரு பாதுகாப்பும் அவருக்கு உண்டு. அவர் அகதியாக ஏற்கப்பட்டவர். அப்படியான ஒருவரை, பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று அமைச்சர் தரப்பு தனியாகத் தீர்மானித்தால் ஒழிய, இலங்கைக்கு அனுப்ப முடியாது. முதல் தடவைக் குடிபோதை வழக்கில் அந்த அளவுக்குப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அனுப்பாமல் விட்டாலும் பி.ஆர். பறிபோகலாம். பி.ஆர். இல்லாமல், திரும்பவும் வரமுடியாமல், உங்களையும் கூப்பிட முடியாமல் வருடக்கணக்காக நடுவில் நிற்பது எப்படி என்று வன்னி ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உங்கள் ஃபைலைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கும். ஸ்பொன்சர் செய்கிறவர் மேல் பத்து வருடம்வரை தண்டிக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டிருந்தால், அந்த வழக்கு முடியும்வரை ஸ்பொன்சர் விண்ணப்பத்தை நகர்த்த மாட்டார்கள். குடிவரவு அறிக்கை எழுதப்பட்டாலும் அப்படியே. ஆகவே ஃபைல் இப்போது நிற்கலாம். நிற்பது நிராகரிப்பு இல்லை, பதறி வேறு விண்ணப்பம் போட வேண்டாம். ஃபைல் சீக்கிரம் நகர வேண்டும் என்பதற்காக அவரை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளச் சொல்லவும் வேண்டாம். வழக்கு முடியும், அதன் பின்னால் அறிக்கை வரும், ஃபைல் திரும்பவும் நிற்கும்.

இனி என்ன வழி? குடிபோதை வழக்கில் ஆகக் குறைந்த தண்டம் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதால், குற்றத் தீர்ப்பைப் பதியாமல் விடுவிப்பது என்ற சலுகை பொதுவாக அதற்குக் கிடையாது. மற்ற பல வழக்குகளில் அது கிடைக்கும். அப்படி விடுவிக்கப்பட்டவரைச் சட்டம் தண்டிக்கப்பட்டவராகக் கணக்கிடாது, குடிவரவிலும் அப்படித்தான். உங்கள் கணவருக்கு இருப்பது வேறு பாதை. பொலிஸ் கருவியைச் சரியாகப் பாவித்ததா, சட்டத்தரணியோடு பேச விட்டதா, மொழி விளங்கியதா என்று ஆவணங்கள் முழுவதையும் எடுத்துப் பார்த்து வழக்கை எதிர்ப்பது ஒன்று. சாட்சியம் பலவீனமாக இருந்தால், ஒன்ராறியோ வீதிச் சட்டத்தின் கீழ் வரும் கவனயீனமாக வாகனம் ஓடிய குற்றத்துக்கு மாற்றி முடிப்பது பற்றி அரச தரப்போடு பேசுவது மற்றது. அது மாகாணச் சட்டம், நான் சொன்ன 36ஆம் பிரிவுக் கணக்குக்குள் வராது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு யாருக்கும் கிடைக்காது.

நீதிபதிக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2013இல் ஃபாம் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனை கொடுக்கும்போது குடிவரவு விளைவையும் கருத்தில் எடுக்கலாம் என்றது. அந்த வழக்கில் இரண்டு வருடத் தண்டனையில் ஒரு நாளைக் குறைத்தார்கள். அன்றைய எல்லை இரண்டு வருடம் என்பதால், அந்த ஒரு நாளால் ஃபாமுக்கு மேன்முறையீட்டு உரிமை கிடைத்தது. வீட்டுக் காவலில் கழிக்கும் நிபந்தனைத் தண்டனை மறியல் தண்டனை ஆகாது என்று ட்ரான் வழக்கு சொல்லியிருப்பதும் பலருக்கு உதவும். தெரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டவருக்கு 2018இன் வோங் வழக்கு ஒரு சிறு கதவு. குடிவரவு விளைவு தெரிந்திருந்தால் நான் இப்படி ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று சத்தியக் கடதாசியில் காட்ட வேண்டும். அந்த வழக்கைப் போட்டவரே அதைக் காட்ட முடியாமல் தோற்றார், அதனால் இதை நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சில குற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். கடையில் 5,000 டொலருக்குக் குறைந்த பொருளை எடுத்தது, கையால் அடித்தது, வெருட்டியது, இவற்றின் அதிகூடிய தண்டனை பத்து வருடத்துக்குக் கீழே. ஆறு மாதத்துக்கு மேல் மறியல் விழாவிட்டால் பி.ஆர். தப்பும். அடியில் காயம் வந்தால், அல்லது கையில் ஒரு பியர் போத்தலோ தும்புத்தடியோ இருந்தால், பத்து வருடக் கணக்குக்குப் போய்விடும். 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்கு 14 வருடம். மற்றவருடைய கிரெடிட் காட்டைக் களவாகப் பாவித்தால், தொகை சிறிதானாலும் பத்து. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இளையோர் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு கணக்கில் இல்லை.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் வாசலிலேயே நடக்கிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் கனடாப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். சொந்தக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியில் குடித்துவிட்டு ஓடுவார்கள். பிடிபட்டால், பிளேன் ஏற இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்று மாமாமார் கூட்டிக்கொண்டு போய் ஒப்புக்கொள்ள வைத்துத் தண்டம் கட்டுவார்கள். அந்தப் பிள்ளை பி.ஆர். என்றால் இது ஸ்காபரோவில் பிடிபடுவதைவிட மோசம். வெளிநாட்டில் கிடைத்த தீர்ப்பையும் கனடாச் சட்டம் பார்க்கும். இங்கே செய்த குற்றத்தின் கூறுகள் கனடாவில் பத்து வருடம்வரை தண்டிக்கக்கூடிய குற்றத்தோடு பொருந்தினால், அதுவும் பாரதூரமான குற்றம்தான். அதற்கும் மேலே, வெளிநாட்டுத் தீர்ப்பால் வரும் நாடுகடத்தலுக்கு அந்த மேன்முறையீட்டு வாசல் முழுதாக மூடியிருக்கும், ஒரு நாளும் மறியலில் இருக்காவிட்டாலும் கூட. தண்டனை முடிந்து ஐந்து வருடம் கழித்துத்தான் திருந்திவிட்டேன் என்று விண்ணப்பிக்கலாம். அன்பினால்தான் மாமாமார் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன் பிள்ளையின் கையில் இருப்பது நீலக் கடவுச்சீட்டா பி.ஆர். காட்டா என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

தங்கச்சி, கலியாணத்தைத் திருச்சியில் வைத்தது நல்ல முடிவு. வழக்கால் மனம் உடைந்து, உங்களைப் பார்க்க ஒரு தடவை வந்து போகிறேன் என்று அவர் சொல்லக்கூடும். வரவேண்டாம் என்று சொல்லுங்கள். 2009இல் ஓஷன் லேடி கப்பலில் வந்த 76 பேரும், 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரும் அங்கே இறங்கிக் கேட்டது இலங்கை அரசிடம் இருந்து பாதுகாப்பு. அப்படிப் பாதுகாப்புப் பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்து போனால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று கனடா வழக்குப் போடலாம். 2012 டிசம்பரில் இருந்து, அந்த வழக்கில் தோற்றால் அகதி நிலையோடு பி.ஆரும் சேர்ந்து போகும். குற்றமே செய்யாதவருக்கும் இது நடக்கிறது. உங்கள் கணவருக்கு இப்போது ஒரு கயிறு போதும், இரண்டாவது வேண்டாம்.

குடியுரிமை எடுத்திருந்தால் இந்தப் பயம் ஒன்றுமே இருந்திருக்காது. ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வேலை, இரவு ஷிப்ட், பரீட்சைக்குப் பயம், ஆங்கிலம் போதாது என்று தள்ளிப் போட்டவர்கள்தான் அதிகம். மூன்று வயதில் போய் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள்கூட, பெற்றோர் விண்ணப்பிக்காததால் முப்பது வயதிலும் பி.ஆராக இருக்கிறார்கள். இந்த வழக்கு முடியும்வரை அவருக்குக் குடியுரிமை கிடைக்காது. ஆனால் உங்கள் உறவில் வழக்கில்லாத பி.ஆர்.காரர் யாரும் இருந்தால், இந்தக் கிழமையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பொலிஸ் கொடுத்த கடதாசியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போன மாதம் தருமபுரத்தில் இருந்து ஒரு அம்மா இப்படித்தான் ஒரு படம் கொண்டுவந்தார். ஃபோனின் கண்ணாடி வெடித்திருந்தது, விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துத்தான் பிரிவு இலக்கத்தைப் பிடித்தோம். "சின்ன அடிபிடி" என்று மகன் சொல்லியிருந்தார், இலக்கம் ஆயுதத்தால் தாக்கியது என்றது. பிள்ளைகள் தாய்க்கு எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள், இலக்கம் மறைக்காது. குடிபோதை வழக்கு 320.14 என்று தொடங்கும். அந்த இலக்கத்தோடு அவர் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியது: இதன் அதிகூடிய தண்டனை எத்தனை வருடம், நான் அகதியாக வந்த பி.ஆர். என்பது உங்களுக்குத் தெரியுமா, குடிவரவு விளைவைப் பற்றி எழுத்தில் தர முடியுமா. குற்றவியல் வழக்குப் பேசுகிறவரும் குடிவரவு பேசுகிறவரும் அநேகமாக இரண்டு பேர். இருவரையும் ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். காசு இல்லையென்றால் ஒன்ராறியோவில் சட்ட உதவி இருக்கிறது. "காசு தந்தால் பதிவையே அழித்துத் தருகிறேன்" என்று இங்கே யாராவது ஏஜென்சிக்காரர் சொன்னால், நகையை அடகு வைக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே இருந்தும் ஆதாரங்கள் சேர்க்கலாம். அவர் மாதாமாதம் அனுப்பிய காசின் வங்கிச் சீட்டுகள், மாமியாரின் கிளினிக் கொப்பி, கிராம சேவகரின் கடிதம், கலியாணப் பதிவு, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். உங்கள் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். நடந்தது நடந்தபடி இருக்கட்டும், இல்லாத வருத்தத்தைச் சேர்க்க வேண்டாம். பொய் என்று பிடித்தால் அது புதுச் சிக்கல், உங்கள் ஃபைலையும் இழுக்கும்.

கனடாவில் மாலை ஆறு மணி என்றால் இங்கே விடியற்காலை. அவர் வேலையால் வந்து சாப்பிட்ட பிறகு, நாளைக்கு நீங்கள் கொஞ்சம் வெள்ளென எழும்பிக் கதையுங்கள். தவணைத் திகதி எப்போது என்று முதலில் கேளுங்கள். பிரிவு இலக்கமும் திகதியும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.